ஆள் குறையும் காலத்தில் இயந்திரம்: முதியோர் பெருகும் நாட்டில் நம் வணிகம்

"கடைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்ற பேச்சு எழாத வணிகர் கூட்டம் இன்று திருநெல்வேலிச் சீமையில் இல்லை. சரக்கு விலை, வரி, பெரிய கடைகளின் போட்டி என்று எதைப் பற்றித் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடிந்தும் முடியாததுமாகப் பிள்ளைகள் கடை வேலைக்கு வந்தார்கள். கடையிலேயே உண்டு, கிட்டங்கியிலேயே படுத்து, பொட்டலம் மடிக்கவும் பேரேடு எழுதவும் பழகி, பிறகு தனிக்கடை வைத்தார்கள். அந்த வரிசை அறுந்துவிட்டது. பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போனார்கள். அது நல்லதே, அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் இன்று பல கடைகளில் மூட்டை இறக்குபவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கல்லாவில் இருப்பவருக்கு அறுபது. அவருடைய மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்.

இதை ஒவ்வொருவரும் தம் கடையின் குறையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இது நாட்டின் கணக்கு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்று அதிகம். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் அது 13.6 சதவீதம். 2031-இல் 18.2 சதவீதமாகும் என்று அதே மதிப்பீடு கூறுகிறது. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் பங்கு மிகுந்த மாநிலம் நம்முடையதே. மறுபுறம் பிறப்பு குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. மக்கள்தொகை அப்படியே நிலைத்து நிற்கவே 2.1 வேண்டும்.

இதை வீட்டுக் கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். நம் பெற்றோர் காலத்தில் ஒரு முதியவரைச் சுற்றி நான்கைந்து சம்பாதிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைய நடுவயதுக்காரருக்கு ஒரு பிள்ளை அல்லது இரண்டு. உண்பவர், மருந்து வாங்குபவர், துணை வேண்டுபவர் குறையவில்லை, உழைப்பவர் குறைகிறார். மீதியுள்ள ஒவ்வொரு கையும் முன்னைவிட அதிகம் செய்தாக வேண்டும், அல்லது வேலை கிடப்பில் கிடக்க வேண்டும். கையின் பலத்தைக் கூட்டுவதற்கு மனிதன் கண்ட வழி கருவிதான். ஆகவே முதுமையும் இயந்திரமும் சேர்ந்தே வருகின்றன.

இது நம் ஊகம் அன்று. டேரன் அசெமோக்லு, பாஸ்குவல் ரெஸ்ட்ரெப்போ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதையே நாடு நாடாக ஒப்பிட்டுக் காட்டியது. எந்த நாட்டில் நடுவயது உழைப்பாளிகள் வேகமாகக் குறைகிறார்களோ, அந்த நாடுதான் ரோபோக்களை வேகமாக வாங்குகிறது. ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா மூன்றும் அதற்குச் சான்று. 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், தொழிற்சாலைகளில் 10,000 தொழிலாளருக்குத் தென்கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோபோக்கள் இருந்தன. உலகச் சராசரி 162 தான்.

ஜப்பானில் கடைக்குள் வந்த ரோபோ

ரோபோ என்றதும் நம்மில் பலருக்கு 2010-இல் வந்த 'எந்திரன்' படம் நினைவுக்கு வரும். அப்படி ஆடிப் பாடும் ரோபோ எந்தக் கடையிலும் இல்லை. ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்கள் மொத்த மக்களில் 29 சதவீதம். அங்குள்ள ஃபேமிலிமார்ட் என்ற கடைத்தொடர் 2022-இல் தன் 300 கடைகளில் ஒரு ரோபோவை வைக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு ஒரே வேலைதான். குளிர்பானக் கண்ணாடி அலமாரியின் பின்பக்கம், குளிரில் நின்றுகொண்டு, முன்னால் பாட்டில் விற்க விற்கப் பின்னாலிருந்து புதிய பாட்டிலை எடுத்து அடுக்குவது. நாளொன்றுக்கு ஆயிரம் பாட்டில் வரை அடுக்கும். எதையாவது தவறவிட்டாலோ, புரியாமல் நின்றுவிட்டாலோ, தொலைவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் கம்ப்யூட்டர் வழியாக அதன் கையைப் பிடித்து நடத்துவதுபோல் நடத்திச் சரி செய்வார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர்கள் எந்த வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே. கல்லாவை அல்ல, வாடிக்கையாளரிடம் பேசும் வேலையையும் அல்ல. குளிர், குனிதல், நிமிர்தல், ஒரே அசைவை நூறு முறை செய்தல் என்று உடம்பை வாட்டும் வேலையைத்தான் இயந்திரத்திடம் தள்ளினார்கள். மிச்சமான ஆள் முன்பக்கம் வந்துவிட்டார். அதே நாட்டில் காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு கவச உடுப்பும் விற்பனையில் உள்ளது. இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து தூக்கினால் பாதிப் பாரத்தை அது தாங்குவதுபோல் இருக்கும். அதை அணிபவர்கள் முதியோரைத் தூக்கிக் கிடத்தும் தாதியரும், தோட்ட வேலை செய்யும் முதிய விவசாயிகளும்தான்.

நம் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே வந்தவை

ஜப்பான் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர் தம் கடையின் அரிசிச் சிப்பத்தைப் பார்க்கட்டும். "சார்டெக்ஸ் அரிசி" என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்தச் சார்டெக்ஸ் 1947-இல் லண்டனில் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர். இப்போது அது சுவிட்சர்லாந்து நாட்டுப் பூலர் நிறுவனத்தைச் சேர்ந்தது. நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் எதுவானாலும் அதன் பெயராலேயே அழைத்துப் பழகிவிட்டோம். இயந்திரம் செய்வது இதுதான். அரிசி மேலேயிருந்து சரிவான தகட்டின் வழியே நீர்த்திரைபோல் விழுகிறது. விழும்போதே கேமராக்கள் ஒவ்வொரு மணியையும் பார்க்கின்றன. கறுத்ததோ பழுத்ததோ சுண்ணாம்பு போன்றதோ கண்ணில் பட்டால், அதற்கு நேரே உள்ள துளையிலிருந்து ஒரு சொட்டுக் காற்று பாய்ந்து அந்த மணியை மட்டும் வேறு வழிக்குத் தள்ளிவிடுகிறது. பார்ப்பது, முடிவு செய்வது, செயல்படுவது என்ற மூன்றையும் ஆள் துணையின்றிச் செய்வதால் இதை ரோபோ வகையில் சேர்ப்பதில் தவறில்லை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்து அரிசியை விற்கும் நாம், முன்பு சுளகுடன் வரிசையாக அமர்ந்து பெண்கள் கல்லும் கறுப்பும் பொறுக்கிய காலத்தையும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு வயதானது, கண் மங்கியது, அந்த இடத்துக்கு அவர்களுடைய மகள்கள் வரவில்லை.

வயலிலும் அதே கதை. கார், பிசானம் என்ற இரு பருவ அறுப்பிலும் இப்போது ஓடுவது கதிர் அறுக்கும் இயந்திரமே. ஈர வயலில் பெல்ட் வண்டி, காய்ந்த வயலில் டயர் வண்டி. அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தொட்டியில் சேர்த்துவிடுகிறது. பல ஆட்கள் ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இங்கே மொத்த வணிகர்கள் உணர வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி இயந்திரமானால் அடுத்த கண்ணி கையாகவே இருக்க முடியாது. கையால் அறுத்த காலத்தில் கதிர் களத்தில் கிடந்து காய்ந்தது. நெல்லும் சிறிது சிறிதாகச் சந்தைக்கு வந்தது. இயந்திரம் அறுத்த நெல் ஈரத்தோடு ஒரே மூச்சில் வந்து குவிகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வழக்கமான ஈரப்பத எல்லை 17 சதவீதம். புதிதாக அறுத்த நெல் அதைத் தாண்டியே இருக்கும். ஆகவே சாலையோரமெல்லாம் நெல் காய்கிறது. ஒரு மழை பெய்தால் நிறம் போகிறது, விலை போகிறது. உலர்த்தும் இயந்திரம் வைத்த ஆலைக்காரர் அந்த வாரத்தில் பேரம் பேசும் நிலையில் இருக்கிறார். இல்லாதவர் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உலர்த்தி வைத்தவருக்கு அடுத்ததாக மூட்டை ஏற்றும் கன்வேயர் தேவைப்படுகிறது. சதக்கே என்ற ஜப்பானிய நிறுவனம் தன் நாட்டின் முதல் விசை அரிசி ஆலை இயந்திரத்தை 1896-இல் செய்தது. அரைப்பதில் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் உலர்த்தும் இயந்திரம், நிறம் பிரிக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகச் செய்ததும் இந்தச் சங்கிலியைத் தொடர்ந்துதான்.

கூலியும் நம் கல்லாவும்

இயந்திரத்தைப் புகழ்ந்து எழுதுவது சுலபம். ஆனால் வணிகராகிய நாம் இன்னொரு பக்கத்தையும் எழுதாவிட்டால் கணக்கு நேராகாது.

அறுப்புக் கூலியாகக் கிடைத்த நெல்லிலும் பணத்திலும்தான் ஆற்றங்கரைக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளின் பற்று தீர்ந்தது. பிசான அறுப்பு முடிந்தால் சிட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். ஆறு மாதப் பற்றை அடைத்துவிட்டுப் புதுக் கணக்குத் தொடங்குவார்கள். அந்த வரவு இன்று பல ஊர்களில் இல்லை. இயந்திரத்தின் வாடகை வண்டிக்காரருக்குப் போகிறது. அவர் பெரும்பாலும் வெளி மாவட்டத்துக்காரர். இயந்திரம் டீசல் குடிக்கும். புளியும் பருப்பும் வாங்காது.

ஆள் கிடைக்காததால் இயந்திரம் வந்ததா, இயந்திரம் வந்ததால் ஆள் போனாரா என்று விவசாயியும் கூலியாளும் வாதாடிக்கொண்டே இருப்பார்கள். நம் பார்வையில் இரண்டும் நடந்திருக்கிறது. இளைஞர்கள் போனதால் உண்டான வெற்றிடத்தை இயந்திரம் நிரப்பியது உண்மை. அதே வேகத்தில், இன்னும் குனிந்து அறுக்கத் தெம்பிருந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் பருவ வருமானத்தையும் அது எடுத்துக்கொண்டது. ஜப்பானில் கை போன பிறகு இயந்திரம் வந்தது. நம் ஊரில் சில இடங்களில் கை போகும் முன்பே வந்துவிட்டது. அந்தப் பெண் இன்று முதியோர் உதவித்தொகையை எதிர்பார்த்திருக்கிறார். மாநில அரசு அதை 2023-இல் மாதம் ரூ.1,000-லிருந்து ரூ.1,200 ஆக உயர்த்தியது. அதில் மளிகைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆகவே நம் கடைக்கும் கிட்டங்கிக்கும் இயந்திரம் வாங்கும்போது ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்வது போதும்: இந்த வேலைக்கு ஆள் இல்லையா, அல்லது இருக்கும் ஆளுக்கு இந்த வேலை முடியவில்லையா? இரண்டில் ஒன்று ஆம் என்றால் வாங்கலாம். இரண்டும் இல்லை, பக்கத்துக் கடையில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காக என்றால் பணம் முடங்கும்.

முதலில் முதுகு

நடுத்தரமான ஒரு பலசரக்குக் கடைக்கு ஒரு நாளில் 40 சிப்பம் சரக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். சிப்பம் 26 கிலோ. லாரியிலிருந்து கிட்டங்கிக்கு ஒரு முறை, கிட்டங்கியிலிருந்து கடைக்கு ஒரு முறை, கடையிலிருந்து வாடிக்கையாளர் வண்டிக்கு ஒரு முறை என்று மூன்று முறை தூக்கினால் மொத்தம் 3,120 கிலோ. ஐம்பது வயதைத் தாண்டியவர் அன்றாடம் மூன்று டன் தூக்குகிறார்! (25 கிலோ சிப்பம் 26 கிலோ ஆனது எப்படி என்று கேட்க வேண்டாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டிக்கொண்டன. வரி குறைந்தது, முதுகுக்கு ஒரு கிலோ ஏறியது.)

இந்த மூன்று டன்னைக் குறைக்க ரோபோ வேண்டியதில்லை. வாசல் படிக்கட்டை எடுத்துவிட்டுச் சரிவுப் பாதை, நான்கு சக்கரத் தள்ளுவண்டி, மூட்டையைத் தரையில் போடாமல் இடுப்பு உயரப் பலகையில் அடுக்குதல் ஆகிய மூன்றும் இருந்தாலே தூக்கும் தடவை பாதியாகும். மாடிக் கிட்டங்கி உள்ளவர்களுக்கு மின்சாரத்தால் ஏற்றி இறக்கும் சிறு லிஃப்ட் உதவும். தனியே வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால், ஒரே தெருவில் கிட்டங்கி வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து லாரியிலிருந்து இறக்கும் கன்வேயர் ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். சரக்கு லாரி எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லையே. சுமை தூக்கும் தொழிலாளரைக் கலந்துகொண்டு செய்தால் தகராறு வராது. அவர்களிலும் பலர் வயதானவர்கள், பாரம் குறைவதை அவர்களும் விரும்புவார்கள். கூலியைத் தூக்கும் முறைக்கு என்றில்லாமல் இறக்கும் சிப்பத்துக்கு என்று பேசிக்கொண்டால் வருமானமும் குறையாது.

அடுத்தது கணக்கு. எலக்ட்ரானிக் தராசு எல்லாக் கடையிலும் வந்துவிட்டது. ஆண்டுதோறும் முத்திரை இட வேண்டும் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறோம். பணம் வந்ததைத் தமிழில் கூவிச் சொல்லும் சிறு பெட்டி, கண் மங்கிய கடைக்காரருக்குக் கிடைத்த உண்மையான துணை. செல்போன் திரையை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் பில்லைப் பற்றி எங்கள் கருத்து சற்று வேறு. பாக்கெட் சரக்கு மிகுந்த கடைக்கு அது அவசியம். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் கடையில் தராசும் பில்லும் இணையாவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

வாடிக்கையாளருக்கும் வயதாகிறது

நம் ஆளுக்கு மட்டுமா வயதாகிறது? கல்லிடைக்குறிச்சியிலும் வீரவநல்லூரிலும் பாளையங்கோட்டையிலும் பிள்ளைகள் வெளியூர் போய், முதியவர் இருவரோ ஒருவரோ மட்டும் இருக்கும் வீடுகளை நாம் அறிவோம். முன்பு மாதம் இரண்டு கிலோ வாங்கிய பருப்பு கால் கிலோவாகிறது. பெரிய பாக்கெட் வேண்டாம் என்கிறார்கள். ஜப்பானில் ஓஜி என்ற காகித நிறுவனம், அந்நாட்டில் குழந்தைகளுக்கான டயப்பர் செய்வதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான டயப்பரில் கவனம் செலுத்தப்போவதாக 2024-இல் அறிவித்தது. நம் கடைகளிலும் பெரியவர் டயப்பரைக் கேட்டு வருகிறார்கள். அலமாரியில் இடம் கொடுத்தவர் சிலரே.

இவ்வளவு ரோபோ உள்ள ஜப்பானில் இன்னொன்றும் நடந்தது. ஊர்க் கடைகள் மூடியதால், நடக்க முடியாத முதியவர்கள் காய்கறி வாங்க வழியின்றித் தவித்தார்கள். அதைத் தீர்த்தவற்றில் ஒன்று, 2012-இல் தொகுஷிமா என்ற ஊரில் தொடங்கிய 'தொகுஷிமாரு' என்ற நடமாடும் கடை. குளிர்பெட்டி வைத்த சிறு லாரி ஒன்றில் ஒரு தனி வியாபாரி, பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டின் சரக்கை ஏற்றிக்கொண்டு வாரம் இருமுறை வீட்டு வாசலுக்கே வருகிறார். தொடக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கடை விலையோடு 10 யென் கூடுதல். வாங்குபவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். ஆளில்லா விமானம் கொண்டுவந்து போடுவதைவிட, வாசலில் நின்று "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் ஆளுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

ரோபோ முதியோரைக் கவனித்துக்கொள்ளும் என்ற பேச்சு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதையும் சொல்லிவிடுவோம். ஜேம்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் தங்கிப் பார்த்து 2023-இல் ஒரு நூல் எழுதினார். தூக்கும் ரோபோவை நகர்த்தவும் துடைக்கவும், பேசும் ரோபோவைக் கண்காணிக்கவும் தாதியருக்குக் கூடுதல் வேலைதான் வந்தது என்று அவர் கண்டார். பாரத்தை இயந்திரம் சுமக்கும். பராமரிப்பை அதனிடம் ஒப்படைப்பது இன்னும் இயலாததாகவே இருக்கிறது.

நம் மாநிலத்தில் அரசு இதை முதலில் உணர்ந்துகொண்டது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் இயந்திரம் வந்தபோது, உழைத்துத் தேய்ந்த முதியவரின் விரலை அது அடையாளம் காணாமல் திருப்பி அனுப்பியது. பிறகு கண் கருவிழிப் பதிவைக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோகும் ஏற்பாடு வந்தது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட முதியவர்கள் அதன் கணக்கில் சேர்ந்தார்கள். அரிசியும் சர்க்கரையும் வாசலுக்கு வந்துவிட்ட ஆச்சிக்கு, மல்லியும் மிளகாயும் மாத்திரையும் வாங்க மட்டும் யார் ஆட்டோ பிடிப்பது? இதைச் செல்போன் வழியாகச் சென்னைக் கம்பெனிகள் செய்யத் தொடங்கும் முன், "அண்ணாச்சி, வழக்கமா வாங்குறதைக் கொடுத்து விடுங்க" என்று ஒரு போனில் சொன்னால் புரிந்துகொள்ளும் நாம் செய்வதில் தடையில்லை. எந்த வீட்டில் எந்தப் பருப்பு, எவருக்குச் சர்க்கரை நோய், எவர் பற்றை மகன் மாதம் முதல் தேதியில் அனுப்புவார் என்பதெல்லாம் நம் ஆளின் நினைவில் இருக்கிறது.

அந்த ஆளைத்தான் மூட்டையிலிருந்து விடுவித்து முன்பக்கம் கொண்டுவர வேண்டும் என்கிறோம். காலையில் போன் வழியே கேட்டெழுதி, மதியத்தில் ஒரு பேட்டரி வண்டியில் தெரு தெருவாகக் கொடுத்துவிட்டு வரலாம். மீதி நேரத்தில் கடையில் உட்கார்ந்து பொட்டலத்திலுள்ள பொடி எழுத்தில் தேதி பார்த்துச் சொல்லலாம். உட்கார்ந்து என்று சொன்னது காரணமாகத்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம், கடை ஊழியர் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை வேண்டும் என்கிறது. ஆளுக்கு ஒரு முக்காலி, வரும் முதியவருக்குக் கை வைத்த நாற்காலி ஒன்று. படிக்கட்டை இடித்துச் சரிவுப் பாதை போடும்போதே, இவ்விரண்டுக்கும் வேண்டிய இடத்தைக் கொத்தனாரிடம் அளந்து சொல்லிவிடலாம்.